சர் ஹம்ஃப்ரியின் மூஞ்சி

நியூ ஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை ஒரு இங்கிலாந்துச் சீமாட்டி ஆக்கிரமித்திருந்தாள். பெயர் லேடி அவிஸ். செத்து அறுநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இருந்தும் அவளுடைய கத்தரித்த படங்கள், பசை, மினுக்குத் தாள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத்தான் எங்களுக்குத் தட்டு வைக்க இடம் கிடைத்தது.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் ரோஷினிக்கு ஸ்கூல் புராஜெக்ட். இடைக்கால ஐரோப்பாவில் வாழ்ந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவரைப் போல உடுத்திக்கொண்டு, ஸ்கூல் ஜிம் ஹாலில் ஒரு அட்டைப் பலகைக்குப் பக்கத்தில் கண்ணை மூடி நிற்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் பலகையில் ஒட்டியிருக்கும் சிவப்புக் காகிதப் பொத்தானை அழுத்தினால் கண்ணைத் திறந்து, 'நான்தான் இன்னார்' என்று வாழ்க்கைக் கதையைச் சொல்ல வேண்டும். மற்ற பிள்ளைகள் ராஜா, படைவீரன் என்று சுலபமாக எடுத்துக்கொண்டார்கள். இவள் தேடிப் பிடித்தது லேடி அவிஸை.

நானும் அவள் கதையைக் கல்யாணம்வரை படித்துப் பார்த்தேன். அவள் சிறுமியாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். நிலபுலன் ஏராளம். அதன்மேல் கண் வைத்த சித்தப்பாக்கள் மூன்று பேர். சொத்து வெளியே போய்விடக் கூடாதென்று சொந்தத்திலேயே ஒரு மாப்பிள்ளை. பெயர்களை மட்டும் மாற்றினால் தாராபுரம் கோர்ட்டில் எங்கள் வகையறா நடத்தும் வழக்கு. எனக்கு அந்தக் குடும்பத்தை மிகவும் பிடித்துப்போனது.

அந்தச் சொந்தத்து மாப்பிள்ளையால்தான் எனக்குச் சனி பிடித்தது.

"அப்பா, லேடி அவிஸோட ஹஸ்பண்ட் சர் ஹம்ஃப்ரி அவளோட கசின். அத்தை பையன்" என்றாள் ரோஷினி ஒரு நாள் சாப்பிடும்போது. அவள் பேசுவது ஆங்கிலத்தில். அத்தை என்ற சொல் மட்டும் தமிழ். "கசினைக் கல்யாணம் பண்றது வியர்டா இல்ல?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் மனைவி தாமரைச்செல்வி என் தாய்மாமன் மகள். எங்கள் ஊரில் இதற்குப் பெயர் முறை. இதை மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அங்கே ஒருவனுக்கும் வராது. எனக்கு வந்தது. முதலில் டெக்சஸில், ரிச்சர்ட்சனில் வேலை பார்த்தபோது, மதியச் சாப்பாட்டில் ஒருவன் கசினைக் கட்டிக்கொண்டவனைப் பற்றி ஒரு ஜோக் அடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்த ஆள் நான். அன்று மாலையே சட்டத்தைத் தேடிப் பார்த்தேன். டெக்சஸில் அப்படிக் கல்யாணம் செய்ய லைசென்ஸ் தர மாட்டார்களாம். நியூ ஜெர்சியில் தடையில்லையாம். அடுத்த வருஷமே டிரான்ஸ்ஃபர் வாங்கிவிட்டேன். இங்கே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் நன்றாக இருக்கிறது என்று தாமரையிடம் சொன்னேன். நன்றாகத்தான் இருக்கிறது, அதில் பொய்யில்லை.

தமிழும் எனக்கு உடந்தை. மனைவியின் அப்பா யாருக்கும் மாமாதான், கணவனின் அம்மா யாருக்கும் அத்தைதான். நாங்கள் எப்படிக் கூப்பிட்டாலும் வெளியாளுக்குத் தெரியாது. மகளுக்கும் தெரியாது என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்ட உத்தமன், மகள் கேட்டதும் பதறிப்போய், தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னேன். "அதெல்லாம் காட்டுமிராண்டிப் பழக்கம்மா. அந்தக் காலத்து ஜனங்களுக்கு அறிவு கிடையாது."

அடுப்பில் தோசைக் கரண்டி நின்றது. தாமரை திரும்பிப் பார்க்கவில்லை. ரோஷினி "ஓகே" என்றாள். தோசை கருகியது. அதைத் தாமரை என் தட்டில்தான் போட்டாள்.

மறுநாள் காலை தாமரை என்னிடம், "ரஞ்சித், பால் தீந்துருச்சு" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன், வேறு யாராவது வந்திருக்கிறார்களோ என்று. பேசப் பழகிய நாள் முதல் என்னை மாமா என்று கூப்பிட்டவள் அவள். அதற்குப் பிறகு எல்லாமே ரஞ்சித்தான். கோபம் வந்து இரண்டு பாத்திரத்தை உருட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அவளோ ஆபீஸில் கூட வேலை செய்கிறவனிடம் பேசுகிற மாதிரி மரியாதையாகப் பேசினாள்.

இதைக் கவனிக்க வீட்டில் ஆள் வேறு இருந்தார். தாமரையின் அப்பா, ரோஷினிக்கு அப்புச்சி, என் தாய்மாமன் கந்தசாமி, கோடைக்கு வந்திருந்தார். "ஏனுங் மாப்ள, புள்ள என்னமோ பேரச் சொல்லிக் கூப்புடுது?" என்றார். அமெரிக்காவில் இதுதான் ஃபேஷன் என்றேன். அவர் வந்து இறங்கிய மறுநாளே தனியாகக் கூப்பிட்டு, நாம் ஏற்கெனவே சொந்தம் என்பதை ரோஷினியிடம் சொல்ல வேண்டாம், இந்த ஊரில் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று பாடம் நடத்தியிருந்தேன்.

"என்ற அக்கா பையனுக்குத்தானுங்க பொண்ணக் குடுத்தேன். திருட்டுத்தனமாவா குடுத்தேன்?" என்று அப்போது கேட்டார். பிறகு டீவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று என்னோடு சேர்ந்து காபி குடிக்கவில்லை.

இதற்கிடையில் ரோஷினி என்னிடம் வந்தாள். சர் ஹம்ஃப்ரிக்குப் படமே கிடைக்கவில்லையாம், நான் போஸ் கொடுக்க வேண்டுமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. மகள் என்னை ஒரு பிரபுவாகப் பார்க்கிறாளே. கம்பளியைத் தோளில் போட்டு, அலுமினிய ஃபாயிலில் கிரீடம் செய்து வைத்து, பூரிக்கட்டையை வாளாகப் பிடித்து, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றேன். "இவர் என்ன சாதிச்சாரு?" என்று கேட்டேன். "நீங்களே வந்து பாருங்கப்பா" என்றாள்.

வியாழக்கிழமை மாலை ஜிம் நிறையக் கூட்டம். ரோஷினி, அம்மாவின் பட்டுப் புடவையில் தைத்த கவுனும் தலையில் வெள்ளைத் துணியுமாகக் கண்ணை மூடி நின்றாள். பலகையின் நடுவில் நான். அவளைவிடப் பெரிதாக என் படத்தைப் போட்டிருந்தாள்.

தமிழ்ப் பள்ளியில் பழக்கமான ராமசுப்ரமணியன் அங்கே நின்றுகொண்டிருந்தார். அவர் மகன் ஆர்யன் பக்கத்துப் பலகையில் துறவி வேஷத்தில் கண்ணை மூடி நின்றான். "என்ன ரஞ்சித், மகாராஜா வேஷமா?" என்று சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினார்.

லேடி அவிஸ் கண்ணைத் திறந்தாள். அப்பா செத்தது, சித்தப்பாக்கள் நிலத்துக்கு அடித்துக்கொண்டது எல்லாம் சொன்னாள். அத்தை மகன் ஹம்ஃப்ரியைக் கட்டிக்கொண்டதைச் சொன்னாள். ஊரே வந்து விருந்து சாப்பிட்டதாம். இரண்டு மகள்கள் பிறந்தார்களாம். அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்குத் தெரியாது.

பக்கத்தில் மாமா என் சட்டையை இழுத்தார். "என்னுங் மாப்ள சொல்லுது? எனக்கும் சொல்லுங்க."

"அத்தை பையனக் கட்டிக்கிட்டாங்களாமுங்க மாமா."

"அட, நம்ம முறைதான். அப்புறம்?"

"அப்புறம்... அந்தாளுக்குப் பெரிய எடத்துச் சம்பந்தம் ஒண்ணு வந்துச்சாம். உடனே கோர்ட்ல போயி, இவ எனக்குச் சொந்தம், இது முறையில்லாத கல்யாணம், செல்லாதுன்னு சொல்லிட்டானாம்."

"பொண்டாட்டிய வெச்சுக்கிட்டேவா?"

"ஆமாங்."

"புள்ளைங்க இருக்கறப்பவா?"

"ஆமாங் மாமா."

மாமா கண்ணாடியைக் காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். பலகைக்குப் பக்கத்தில் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "மூஞ்சியப் பாருங்க. களவாணி மூஞ்சி" என்றார்.

படத்தில் கிரீடம் வேறு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

அப்போது தாமரை முன்னால் போய்ப் பொத்தானை அழுத்தினாள். "அவன் அப்படிச் சொன்னதும் நீங்க என்ன பண்ணீங்க, லேடி அவிஸ்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

ரோஷினி மனப்பாடம் செய்ததைத் தாண்டிப்போனாள். "மகள்களைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். இவங்க மூஞ்சியப் பாத்து அதைச் சொல்லுன்னேன்" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். இமை துடித்துக்கொண்டிருந்தது.

சுற்றிலும் ஊர்ப்பட்ட ஜனம். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று ஒரு மனசு சொன்னது. அந்த மனசின் பேச்சைக் கேட்டுத்தான் டெக்சஸிலிருந்து ஓடி வந்தேன். போய்ப் பொத்தானை அழுத்தினேன்.

"ரோஷினி, அம்மா என் மாமா பொண்ணு. அப்புச்சி எனக்குச் சொந்தத் தாய்மாமன்."

"தெரியும்பா" என்றாள். "அப்புச்சி ஏர்போர்ட்லயே சொன்னாரு."

"நீங்க சொல்லக் கூடாதுன்னது அடுத்த நாளுங்க" என்றார் மாமா.

அப்படியென்றால் அன்று சாப்பாட்டு மேசையில் அவள் கேட்டது லேடி அவிஸைப் பற்றி அல்ல. எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வருமா என்று பார்த்திருக்கிறாள்.

"நீங்க சொன்ன வார்த்தைக்கு எனக்கு மீனிங் தெரியல. அப்புச்சியக் கேட்டேன்" என்றாள். பிறகு தமிழிலேயே, ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்துச் சொன்னாள். "காட்டுமிராண்டின்னா மனுசனே இல்லாதவங்களாம். அப்போ நான் யாருப்பா?"

வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. என்ன பதில் சொன்னாலும் அந்த ராத்திரிச் சாப்பாட்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

"காட்டுமிராண்டி நான்தாம்மா" என்றேன். "நீயும் இல்ல, அம்மாவும் இல்ல. அம்மாவக் கட்டிக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னவன் நான். யாரும் சொல்லிக் கட்டல. அப்புறம் யாரோ நாலு பேரு சிரிச்சாங்கன்னு பயந்துட்டேன்."

ரோஷினி, தான் சீமாட்டி என்பதை மறந்து, என் நெஞ்சில் முகத்தை வைத்து அழுதாள். பூசியிருந்த பவுடர் எல்லாம் என் சட்டையில் அப்பியது. எனக்கும் அழுகை வந்தது. தாமரையின் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை.

ராமசுப்ரமணியன் தொண்டையைச் செருமிக்கொண்டு என் காதருகே வந்தார். "ரஞ்சித், நம்மாத்துலயும் அதே கதைதான். என் ஒய்ஃப் ராஜலக்ஷ்மி எனக்கு அத்தை பொண்ணு. தயவுசெஞ்சு வெளில சொல்லிடாதீங்கோ, ஆர்யனுக்குத் தெரியாது."

பக்கத்துப் பலகையில், யாரும் பொத்தானை அழுத்தாமலேயே, துறவி கண்ணைத் திறந்தார்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது பலகையைச் சுமக்கும் வேலை எனக்கு வந்தது. பார்க்கிங்கில் தெரிந்தவர்கள் நிறையப் பேர். மாமா ரோஷினியின் கவுன் தரையில் புரளாமல் தூக்கிப் பிடித்தபடி முன்னால் போனார். நான் படத்தை நெஞ்சோடு சேர்த்து, எழுத்தும் மூஞ்சியும் வெளியே தெரியாதபடி அணைத்துக்கொண்டு நடந்தேன். பின்னாலிருந்து தாமரையின் குரல் கேட்டது.

"மாமா."

நின்றேன்.

"பலகையத் திருப்பிப் புடிங்க. மூஞ்சி நாலு பேருக்குத் தெரியட்டும்."

திருப்பிப் பிடித்துக்கொண்டு கார்வரை நடந்தேன்.