வீட்டிலிருந்து ஆபீஸைத் திறந்தவள்

மேனேஜர் ஒற்றைக்காலில் நின்றார். "வீட்ல இருந்து வேலை பாக்கறேன்னு சொல்றவங்க எல்லாம் தூங்கத்தான் போறாங்க. எனக்குத் தெரியாதா?" என்று முதலாளியிடமே அடித்துச் சொல்லிவிட்டார்.

ஆபீஸில் கணக்கும் பார்த்து, கம்ப்யூட்டர்களையும் கட்டி மேய்ப்பவள் அவள். ஒயர் எங்கே அறுந்தாலும் அவள் பெயரைச் சொல்லித்தான் கத்துவார்கள் என்பதால் எல்லோருக்கும் அவள் ஒயரம்மா. கணவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. வீட்டைத் தூக்கிக்கொண்டு போயாகிவிட்டது. இனி வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் கணக்கைப் பார்க்க வழி செய்ய வேண்டும், இல்லையென்றால் ராஜினாமா. கல்யாணத்துக்கு முன்னாலேயே சேர்ந்த வேலை. அதை விட அவளுக்கு மனசே இல்லை.

முதலாளி நடுவில் புகுந்து ஒரு வழி சொன்னார். சனிக்கிழமை அவள் வீட்டிலிருந்து பில்களை ஏற்ற வேண்டும், மேனேஜர் ஆபீஸில் தன் ஸ்கிரீனில் அதைப் பார்க்க வேண்டும். மதியம் பன்னிரண்டுக்கு முதலாளி மேனேஜருக்குப் போன் செய்து கேட்பார். நடந்தது என்றால் வேலை உண்டு, நடக்கவில்லை என்றால் இல்லை.

வெள்ளிக்கிழமை கடைசியாக ஆபீஸுக்கு வந்தவள், ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரிக்கு மேலே தூசியில் உட்கார்ந்திருந்த ரூட்டரைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். ரூட்டர் இருக்கிறதே, அது முசுட்டு வாட்ச்மேன். வெளியிலிருந்து யார் வந்து தட்டினாலும் முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பும். 'இந்த வாசலில் தட்டுகிறவரை மட்டும் உள்ளே சர்வரிடம் அனுப்பு' என்று அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். சொன்னாள். வெளியூரிலிருந்தும் ஆபீஸுக்குள் நுழைய வழி விடுகிற விபிஎன்னைச் சர்வரில் ஏற்றி, தனக்கு மட்டும் ஒரு சாவி உண்டாக்கினாள். ஆபீஸ் வைஃபையிலேயே சோதித்துப் பார்த்து ஏமாறுகிற ஆள் அவள் இல்லை. போனில் வைஃபையை அணைத்து, சொந்த டேட்டாவில் வெளியாள் மாதிரி தட்டிப் பார்த்தாள். கதவு திறந்தது.

"நாளைக்குப் பாக்கலாம்," என்றார் மேனேஜர், அது திறக்காமல் போனால் நன்றாயிருக்கும் என்கிற முகத்தோடு.

சனிக்கிழமை காலை விபிஎன் முதல் தட்டலிலேயே உள்ளே விட்டது. கணக்கும், ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த காமிராவின் படமும் சர்வரிலேயே இருந்ததால் இரண்டும் ஜம்மென்று வந்தன. பில்களை மளமளவென்று ஏற்றினாள். "சார், பாக்கறீங்களா?" என்று கேட்க அவர் செல்லுக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. ஆபீஸ் போனுக்கு அடித்தாள். பிஸி. மறுபடியும் பிஸி. மணி பதினொன்றரை.

என்னவோ ஏதோ என்று காமிராவைத் திறந்தாள். அடப்பாவி மனுஷா! மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து, எதிர் நாற்காலியில் காலை நீட்டி, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஆபீஸ் போனின் ரிசீவர் மேசைமேல் தனியாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அப்படியானால் இது தெரியாமல் வந்த தூக்கம் இல்லை, திட்டம் போட்டுத் தூங்குகிற தூக்கம்!

சிரிப்பு வந்த வேகத்திலேயே அடங்கிவிட்டது. பன்னிரண்டுக்கு முதலாளி கேட்டால் இந்த மனிதர் என்ன சொல்வார்? 'நான் ஒண்ணையும் பாக்கல சார்' என்பார். பொய்யும் இல்லை. அதோடு இவள் வேலை போயிற்று.

மேனேஜரின் தலைக்குப் பக்கத்திலேயே இருந்தது பிரிண்டர். கிளம்பினால் ஊரைக் கூட்டுகிற சத்தம் போடும். ஒயரம்மாவின் கண் பளிச்சிட்டது. பெரிய எழுத்தில் தட்டினாள்: 'தூங்கினது போதும். எழுந்திரிங்க. வேலை அப்படியே கிடக்கு.' ஐந்து காப்பி. அனுப்பினாள்.

காமிராவில் ஒரு அசைவும் இல்லை. மறுபடியும் அனுப்பினாள். மேனேஜரின் வாய் இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தது, அவ்வளவுதான்.

அப்போது சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். ஹாலில் சோபாவில் குட்டித்தூக்கம் போட்டுக்கொண்டிருந்த கணவன், கை நிறைய நுரையோடு நேற்றைய குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

"எழுந்திரின்னு வாயால சொன்னா கேக்க மாட்டேனா? எதுக்கு பத்து பேப்பர் பிரிண்ட் போடணும்?" அவன் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "அதுவும் காதுக்குப் பக்கத்துல!"

ஒயரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். புது வீட்டுக்கு வந்ததும் இங்கே ரூட்டரை வைத்தவளும் அவளேதான். ஞாபகம் வைக்கச் சுலபம் என்று ஆபீஸ் மெஷின்களுக்குக் கொடுத்த அதே முகவரி எண்களை இங்கேயும் கொடுத்திருந்தாள், பிரிண்டர் எண் உட்பட. இரண்டு தெருவிலும் ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் தனக்குக் கிட்டே இருக்கிற தெருவில்தானே போடுவார்? அவளுடைய லேப்டாப்பும் வீட்டுப் பிரிண்டரிலேயே கொட்டிவிட்டது.

கணவனுக்கு விளக்கம் சொல்ல நேரமில்லை. அவன் பாட்டுக்குத் தேய்க்கட்டும், நல்லதுதான். வீட்டு ரூட்டரைத் திறந்து எண் வரிசையையே மாற்றினாள். வீட்டில் இன்டர்நெட் அறுந்தது. திரும்பி வருவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பன்னிரண்டுக்கு இன்னும் சில நிமிஷங்கள்தான். விபிஎன் மறுபடி தட்டியது, ஆபீஸ் திறந்தது. இந்தத் தடவை இருபது காப்பி.

காமிராவில் மேனேஜர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். காகிதங்கள் பறந்து மடியில் விழுந்தன. ஒன்றை எடுத்துப் படித்தார், திருதிருவென விழித்தார், சுற்றிலும் தேடினார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கிக் காமிராவைப் பார்த்தார். கை தானாக முடியைக் கோதிவிட்டது. ரிசீவர் அதன் இடத்துக்குப் போனது. ஒயரம்மா உடனே அடித்தாள்.

"கண்ணை மூடி யோசிச்சிட்டு இருந்தேன்," என்றார், அவள் கேட்பதற்கு முன்னாலேயே.

"தெரியும் சார். வாயைத் திறந்துகூட யோசிச்சீங்க. இப்ப ஸ்கிரீனைப் பாருங்க, கடைசி பில்லை ஏத்தறேன்."

பார்த்தார். அவர் கண்ணெதிரே பில் ஏறியது. "சரிம்மா, வையி. முதலாளி கூப்பிடறார்" என்று செல்போனை எடுத்தவர், கண்ணைக் காமிராவை விட்டு எடுக்கவே இல்லை.

ஒயரம்மா விரலைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். காமிராவில் குரல் வராது. தலை மட்டும் ஆடியது, நிறைய ஆடியது. பிறகு அவரே கூப்பிட்டார்.

"பிரமாதமா நடக்குதுன்னு சொல்லிட்டேன். நீ அங்கேருந்தே பாரும்மா."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மேனேஜரோ போனை வைக்காமல் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒயரம்மா... அந்தக் கதவுக்கு எனக்கும் ஒரு சாவி போட்டுத் தர முடியுமா? வாரத்துல ரெண்டு நாள் போதும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தாராளமா சார். உங்க வீட்ல கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு பிரிண்டர் வைக்க இடம் இருக்கா?"