விழுங்கியில் உட்கார்ந்த அப்பா

அப்பாவின் சோபாக் கடையில் 'விழுங்கி' என்று ஒரு சோபா உண்டு. பெயர் வைத்தது அம்மா. ஆழம் அதிகம், உயரம் குறைவு. வருகிறவர்களை அப்பா முதலில் அதில்தான் உட்கார வைப்பார். கையில் பழச்சாறு கொடுத்துவிட்டு, எதிரே நின்றபடி விலை பேசுவார். எழுந்திருக்கும் சிரமத்தை நினைத்தே பாதிப் பேர் வாங்கிவிடுவார்கள். கடைக்காரன் உட்காரக் கூடாது என்பது அவர் சட்டம். ஊரையே உட்கார வைத்துப் பிழைத்த மனிதர், கடையில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

அவருடைய ஒரே மகள் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுப் பண்பாடும் உடலியக்கவியலும் படிக்கப் போகிறேன் என்றாள். பாடத்தைத் தேர்ந்தெடுக்க அன்று மாலையே கடைசி. அப்பா சரி சொல்லாமல் பதிவு செய்ய அவளுக்கு மனமில்லை. அது தெரிந்துதான் அப்பா அவளை விழுங்கியில் உட்கார வைத்து, பழச்சாறும் கொடுத்தார்.

"பள்ளிக்கூடத்துல ஓட்டப் பந்தயம்னாலே உனக்குத் தலைவலி வந்துரும். நீ விளையாட்டு படிக்கப் போறியா?"

"விளையாடறதுக்கு இல்லப்பா. மனுஷன் எப்படி நடக்கிறான், குனியறான், முட்டி ஏன் வலிக்குது, ஒரு பந்துக்காக ஏன் இத்தனை பேர் பைத்தியமா அலையறாங்க... இதெல்லாம் படிக்கறது."

"நடக்க ஒரு வயசுக் குழந்தைக்கே தெரியும். அதுக்குப் பட்டமா?"

கல்லாவில் இருந்த அம்மா தலை நிமிரவில்லை. "குழந்தைக்குத் தெரியும். உங்களுக்குத்தான் மாடி ஏற ஒரு கைப்பிடியும் ஒன்பது பெருமூச்சும் வேணும்."

"நீ கணக்கைப் பாரு." அப்பா மகளிடம் திரும்பினார். "நிர்வாகம் படி தங்கம். கடை நாளைக்கு உன்னோடது. எல்லாரும் எழுந்து ஓட ஆரம்பிச்சா நம்ம சோபாவை யாரு வாங்குவா?"

"ஓடிட்டு வந்து உட்காருவாங்கப்பா."

நின்றுகொண்டு பேசினால் வியாபாரப் பேச்சாகத்தான் வருகிறது என்று அப்பாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சொல்ல வந்ததை மறந்துவிட்டு, "நல்லாத்தான் செஞ்சிருக்கேன்," என்று மெத்தையைத் தட்டிப் பார்த்தார்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு, போன வாரம் வாங்காமல் போன வயதான தம்பதி உள்ளே வந்தார்கள். அப்பா பதறி எழப் பார்த்தார். முடியவில்லை. மறுபடி எம்பினார். விழுங்கி விடவில்லை.

"கையைப் பிடிச்சு இழும்மா," என்றார் பல்லைக் கடித்தபடி.

"இழுத்தா தோள்பட்டை போயிரும். முதல்ல நுனிக்கு வாங்க. பாதத்தைப் பின்னால இழுத்து வைங்க. இன்னும். இப்ப கீழே எதையோ எடுக்கற மாதிரி முன்னால சாய்ஞ்சு, அப்படியே எழுந்திருங்க."

அப்பா எழுந்துவிட்டார். எழுந்தது யாரோ என்பதுபோல் தன் கால்களைப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கும் சொல்லிக் கொடும்மா," என்றார் அந்த அம்மாள். "உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டார்னுதான் அன்னைக்கு வாங்காமப் போனோம்."

பெரியவர் கொடுத்த பழச்சாறைக்கூடத் தொடவில்லை. மகள் சொன்னபடி உட்கார்ந்தார், எழுந்தார், மனைவி போதும் என்ற பிறகும் இன்னொரு முறை உட்கார்ந்தார்.

அப்பாவுக்குள்ளிருந்த வியாபாரி விழித்துக்கொண்டான். "இவ எங்க பொண்ணுதாங்க. இதைத்தான் பல்கலைக்கழகத்துல படிக்கப் போறா. உடலியக்கவியல். லேசுல யாருக்கும் கிடைக்காத பாடம். நம்ம கடையில சோபா வாங்கினா, எழுந்திருக்கிற பயிற்சி இலவசம்."

மகள் செல்போனைக் கையில் எடுத்தாள். "அப்போ பதிஞ்சிரட்டுமாப்பா?"

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு, விழுங்கியைத் தடவிக்கொண்டிருந்த பெரியவரைப் பார்த்தார்.

"இன்னுமா பதியல?" என்றார், அவருக்கும் கேட்கும்படி.

"சீக்கிரம் அமுக்குடி," என்றாள் அம்மா, பில் புத்தகத்தைத் திறந்தபடி. "இவங்க வெளியே போறதுக்குள்ள."