எதையும் பிடிக்காமல்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை விசிலம்மா குளியலறைத் தரையில் மல்லாந்து கிடந்தபடி, கூரையில் இருந்த ஈரக்கறையை நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாள். எலும்பு எதுவும் முறியவில்லை, மயக்கமும் இல்லை. வழுக்கினாள், விழுந்தாள், அவ்வளவுதான். ஆனால் எழ முடியவில்லை. முட்டியை மடக்கினால் இடுப்பு வரவில்லை; இடுப்பைத் தூக்கினால் கை தாங்கவில்லை. தினம் பத்தாயிரம் அடி நடக்கிறவள் அவள். எட்டு வருடத்தில் மழை, வெயில் என்று ஒரு நாள் விட்டதில்லை. பூங்காவில் அவளோடு நடக்க ஆரம்பித்தவர்களில் பாதிப் பேர் மூட்டுவலி என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைத் தாண்டும்போதெல்லாம் வேண்டுமென்றே கையை இன்னும் கொஞ்சம் வீசிப் போவாள். அப்படி நடந்த கால்கள் இரண்டும் இப்போது யாருடையவையோ போல நீட்டிக்கொண்டு கிடந்தன.

முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். ஓய்வு பெற்றபோது டிக்கெட் பையைத் திருப்பிக் கொடுத்தவள் விசிலை மட்டும் கொடுக்கவில்லை. அது சாவிக்கொத்தோடு கூடத்து ஆணியில் தொங்கியது. அன்றைக்கு அது கைக்கெட்டியிருந்தால் ஊரையே கூட்டியிருப்பாள். கடைசியில், மூடாத குழாயின் தண்ணீர் வாசல் வரை வந்ததைப் பார்த்து எதிர்வீட்டு டீச்சர்தான் மாற்றுச் சாவி போட்டுத் திறந்து அவளைத் தூக்கிவிட்டாள். நல்லவள்தான். ஆனால் விசிலம்மா தலையைத் துவட்டி முடிப்பதற்குள் மகனுக்கு போனும் போட்டுவிட்டாள்.

மகன் அன்று மாலையே வந்து நின்றான். வங்கியில் மேலாளர். எதையும் முடிவு செய்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பான்.

"போதும்மா. வீட்டை வாடகைக்கு விட்டுட்டு எங்ககூட வந்துடு. மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, தனியா இருக்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

மகன் வீட்டில் அவளுக்கென்று ஒதுக்கிய அறையை அவளுக்குத் தெரியும். சமையலறைக்குப் பக்கத்தில், இஸ்திரி மேசையும் பழைய சூட்கேஸ்களும் இருக்கிற அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அதுகூடப் பரவாயில்லை. மருமகளை நினைத்தால்தான் பயம். கெட்டவள் இல்லை, அநியாயத்துக்கு நல்லவள். போனமுறை போயிருந்தபோது நான்கு நாளும் தண்ணீர் டம்ளரைக்கூட இவளை எடுக்க விடவில்லை. "நீங்க உக்காருங்கத்தை, நான் இருக்கேன்ல" என்று சொல்லிச் சொல்லியே உட்கார வைத்துவிட்டாள். இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் சோபாவோடு சேர்த்துத்தான் தூக்க வேண்டியிருந்திருக்கும்.

"மூணு மாசம் குடு" என்றாள் விசிலம்மா. "இதே வீட்டுல தரையில படுத்து, எதையும் பிடிக்காம, யாரும் தூக்கிவிடாம எழுந்து காட்டறேன். முடியலைன்னா நானே பெட்டியைக் கட்டிக்கிட்டு வரேன்."

மகன் சிரித்தான். சிரித்துக்கொண்டேதான் சரி என்றான். அந்தச் சிரிப்பு அவளுக்கு ஆகவேயில்லை.

மருந்துக்கடைக்கு மேலே ஒரு ஜிம் இருந்தது. பயிற்சியாளர் முப்பத்தைந்து வயதுப் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், தோள் இரண்டும் கதவு மாதிரி இருக்கும். முதல் நாளே விசிலம்மா தன் பத்தாயிரம் அடியைப் பற்றிச் சொல்லிவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தாள்.

"சரிம்மா. இந்த ஸ்டூல்ல கையை ஊணாம உக்காந்து எழுந்திரிங்க, பாப்போம்."

மூன்றாவது முறை எழ முடியவில்லை. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த பையன்கள் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். விசிலம்மாவுக்கு முகம் சுட்டது. எட்டு வருடம் ஏமாந்துபோனதாக நினைத்தாள். அந்த ஆத்திரத்தில் அடுத்த நாளிலிருந்து நடையை அடியோடு விட்டுவிட்டாள். பூங்காப் பக்கமே போகவில்லை. எடை, எடை, எடை. ஐந்து கிலோ, எட்டு கிலோ, பன்னிரண்டு கிலோ. "நடையை விட்டுடலையே?" என்று பயிற்சியாளர் கேட்கும்போதெல்லாம் கூசாமல் பொய் சொன்னாள். ஏழாவது வாரம் இருபது கிலோவைத் தரையிலிருந்து தூக்கினாள். அன்றைக்கு ஜிம்மில் எல்லாரும் கைதட்டினார்கள். தலை கால் புரியாமல் வீட்டுக்கு வந்தவள், காய்கறிப் பையோடு இரண்டாவது மாடிப் படியில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சு அடித்துக்கொண்டது. கீழே வந்துகொண்டிருந்த டீச்சர், "என்னக்கா, பையனுக்கு போன் பண்ணட்டுமா?" என்றாள்.

"பண்ணினேன்னா அப்புறம் உன்கூட பேச்சே கிடையாது, பாத்துக்க!"

மறுநாள் பயிற்சியாளரிடம் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். பயிற்சியாளரோ தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எட்டு வருஷம் இன்ஜினை மட்டும் ஓட்டினீங்க. இப்ப ரெண்டு மாசமா பாடியை மட்டும் கட்டறீங்க. வண்டி எப்படிம்மா ஓடும்? முப்பது வருஷம் பஸ்ல இருந்த உங்களுக்கு நான் சொல்லணுமா?"

 

அன்று ராத்திரியே அலமாரியிலிருந்து பழைய டிரிப் ஷீட் ஒன்றைத் தேடி எடுத்தாள். பஸ் எத்தனை மணிக்கு எங்கே கிளம்பியது, எங்கே போய்ச் சேர்ந்தது என்று எழுதும் தாள். அதில் திங்கள், புதன், வெள்ளி எடை. செவ்வாய், வியாழன், சனி வேகநடையும் மாடிப்படியும். ஞாயிறு ஓய்வு, வண்டி ஷெட்டில் என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள். படி ஏறும்போது வாய்விட்டு எண்ணினாள். மொத்தம் ஐம்பத்து நான்கு படி. முதல் வாரம் இரண்டு தடவை நின்றாள், மூன்றாம் வாரம் ஒரு தடவை, அப்புறம் நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் கூடத்தில் பாய்கூட விரிக்காமல் படுத்து எழுந்து பார்த்தாள். சில நாள் எழுந்தாள். சில நாள் பாதியில் முட்டி நடுங்கி உட்கார்ந்தாள். மகன் வருவதற்கு முந்தின நாளும் உட்கார்ந்துதான் போனாள்.

மூன்று மாதம் முடிந்த சனிக்கிழமை மதியம் மகன் தோளில் ஒரு பையோடும், கக்கத்தில் மடித்த ஆறு அட்டைப்பெட்டிகளோடும் வந்து இறங்கினான். விசிலம்மா கீழேயே காத்திருந்தாள். அட்டைப்பெட்டிகளைப் பார்த்தாள். பையை மட்டும் அவன் தோளிலிருந்து உருவிக்கொண்டு முன்னால் ஏறினாள். அவள் மூன்றாவது மாடியில் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, மின்விசிறியைப் போட்ட பிறகுதான் அவன் படியில் தெரிந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அம்மா, அந்தப் பந்தயமெல்லாம் வேணாம்மா" என்றான், மூச்சு வாங்கிக்கொண்டே. "வீட்டுக்கு வாடகை ஆள் பாத்தாச்சு. ஒண்ணாம் தேதி குடிவராங்க. நான் அன்னிக்கு சும்மாதான் சரின்னேன்."

"நான் சும்மா சொல்லல."

நடுக்கூடத்தில் நாற்காலியை நகர்த்திவிட்டு அவள் தரையில் மல்லாந்து படுத்தாள். இங்கே கூரையில் கறை எதுவும் இல்லை. ஒருக்களித்தாள், முழங்கையை ஊன்றினாள், உள்ளங்கைக்கு வந்தாள், இரண்டு முட்டியிலும் நின்றாள். வலது காலை முன்னால் வைத்தாள். அங்கேதான் நேற்று உட்கார்ந்தது. தொடை வெடவெடவென்று நடுங்கியது. மகன் தன்னையறியாமல் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"தொடாதே!"

பஸ்ஸில் கடைசி வரிசை வரைக்கும் கேட்ட குரல் அது. அவன் அப்படியே நின்றான். அவள் பல்லைக் கடித்து, குதிகாலால் தரையை அழுத்தி, மெள்ள மெள்ள நிமிர்ந்தாள். நின்றாள். எதையும் பிடிக்கவில்லை. சுவரும் நாற்காலியும் மகனும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

"கையை ஊணினியே" என்றான் அவன் மெதுவாக.

"தரையை ஊணாம, பறந்தா எழுந்திருப்பாங்க?"

அவன் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நீ விழுந்து கிடந்த அந்த நாப்பது நிமிஷம் நான் மீட்டிங்ல ஜோக் அடிச்சுக்கிட்டு இருந்தேம்மா. அதை நினைச்சா தூக்கம் வரமாட்டேங்குது."

விசிலம்மாவுக்கு நெஞ்சு இளகிவிட்டது. இளகினால் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்றும் தெரிந்தது. அவன் தலையில் ஒரு நிமிடம் கையை வைத்திருந்தாள், பிறகு எடுத்துக்கொண்டாள்.

"தூக்கம் வரலைன்னா நட. என்னை எதுக்குப் படுக்க வைக்கிற? குடிவரவங்ககிட்ட வீடு இல்லைன்னு சொல்லிடு."

"இன்னிக்கு எழுந்துட்ட. நாளைக்கு?"

"நாளைக்கும் எழுந்திருப்பேன். சரி, என்னைக் கேட்டது போதும். இப்ப நீ படு."

"என்னம்மா இது..."

"படுடா. நாப்பத்தி ரெண்டு வயசுதானே. படு."

வங்கி மேலாளர் வேண்டாவெறுப்பாக இஸ்திரி போட்ட சட்டையோடு தரையில் படுத்தான். ஒருக்களித்துப் பார்த்தான். வயிறு குறுக்கே வந்தது. திரும்பவும் மல்லாந்தான், திரும்பவும் புரண்டான். அவனுடைய கை மெதுவாக, அவனுக்கே தெரியாத மாதிரி, நாற்காலிக் காலைத் தேடிப் போனது. விசிலம்மா நாற்காலியைக் காலால் தள்ளி வைத்தாள். அட்டைப்பெட்டிகள் மடித்தது மடித்தபடி கதவோரம் சாய்ந்திருந்தன. அவள் ஆணியிலிருந்து விசில் கோத்த சாவிக்கொத்தை எடுத்து, தரையில் கிடந்து தன்னைப் பார்த்து விழிக்கிற மகனுக்கு நேரே நின்று, இரண்டு விசில் கொடுத்தாள்.