தையற்காரம்மாவின் கண்கள்

மனித நாகரிகத்தின் போக்கையே மாற்றவல்ல அறிவிப்பொன்று, நிழற்படக் கலைஞர் மன்றத்தின் கதவில் ஒரு மூலை ஒட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த ஆண்டுப் போட்டியின் பொருள் 'நளினம்'. அது இன்னதென்று உலகுக்கு ஒரேயடியாகத் தெரிவித்துவிட மன்றம் முடிவுகட்டியிருந்தது. கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

மன்றத்தில் பதினோரு வருடம் உறுப்பினராக இருந்தும் ஆறுதல் பரிசுகூட வாங்காதவர் ஒருவர் உண்டு. பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஸ்டூடியோக்காரர். அரைமணி நேரத்தில் எட்டுப் படம் கொடுப்பதால் மன்றத்தில் அவருக்கு 'அரைமணி' என்றே பெயர். ஒரே ஒரு பரிசு வாங்கிவிட்டால் அந்தப் பெயர் செத்துவிடும் என்று நம்பினார்.

"யோசிச்சிட்டிருக்கேன் சார்" என்றார் மன்றத் தலைவரிடம்.

"யோசிச்சா வராது அரைமணி. அது தானா இறங்கணும்."

இறங்கியது. செவ்வாய்க்கிழமை மதியம், ஸ்டூடியோவுக்கு வந்த ஒரு தையற்காரம்மாவின் மேல்.

வெளிநாட்டிலிருக்கும் மகளைப் பார்க்கப் போக அந்த அம்மாவுக்குப் படம் வேண்டியிருந்தது. நிமிரச் சொன்னார், சிரிக்காதீங்க என்றார், எடுத்தார். "முடிஞ்சதும்மா."

முடிந்தது என்ற சொல் காதில் விழுந்ததும் அந்த அம்மா எங்கேயோ போய்விட்டாள். பிடித்து வைத்திருந்த மூச்சு மெல்ல இறங்கியது, கூடவே தோளும். கண்கள் மூடிக்கொண்டன. விரல்கள் மடியில் இல்லாத ஒரு நூலை எடுத்து, காற்றில் விட்டன. ஜன்னல் வெளிச்சம் பால்போல் கன்னத்தில் வழிந்தது. அறையே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் தோன்றியது. அரைமணியின் விரல் அவரைக் கேட்காமலே அழுத்தியது.

அதற்குப் பிறகு அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. சாப்பிட்டாரா என்று மனைவியைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். கடையில் படங்களை அச்சுப் போடுவது அவள்தான். வியாழக்கிழமை அவளிடம், "தையற்காரம்மாவோட ரெண்டாவது படம். பெருசாப் போட்டு மன்றத்துக்கு அனுப்பிடு" என்றார். கடையில் பரீட்சை விண்ணப்பக் கூட்டம் நெரிந்ததால், அச்சானதை அவர் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில்தான் பார்த்தார். சுவரிலிருந்து தையற்காரம்மா அவரை முறைத்தாள். அகலத் திறந்த இரண்டு கண்கள். பின்னால் சுண்ணாம்பு வெள்ளை. தோளுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

"கண்ணு மூடியிருந்துச்சேம்மா!" என்றார் பக்கத்தில் நின்ற மனைவியிடம்.

"ஆமாங்க, மூடித்தான் இருந்துச்சு. மொதப் படத்துலேர்ந்து எடுத்து ஒட்டினேன். பதினெட்டு வருஷமா நம்ம கடையில மூடின கண்ணையெல்லாம் யாரு தொறக்கிறா?"

"கை?"

"கை எதுக்குங்க போட்டோவுல? கழுத்துல ஒரு மரு வேற. பாவம், அதையும் எடுத்துட்டேன்."

அரைமணியின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த நேரம் பார்த்துத் தலைவர் வந்தார். படத்தின் முன் நின்றார். தலையை இடப்பக்கம் சாய்த்தார், வலப்பக்கம் சாய்த்தார். பின்னால் வந்த கூட்டமும் சாய்த்தது.

"இதான்யா நளினம்! எதையும் மறைக்காத பார்வை. மூடின கண்ணுல நளினத்தைத் தேடுறவன் கத்துக்குட்டி. எப்படி வந்துச்சு இது?"

உண்மையைச் சொன்னால் பரிசு போச்சு. சொல்லாவிட்டால் தூக்கம் போச்சு. அரைமணி பாதியைச் சொன்னார்.

"கண்ணு மட்டும் என் சம்சாரத்தோடது சார்."

"ஆகா!" தலைவர் நெஞ்சில் கைவைத்தார். "மனைவியின் கண்ணால் உலகைப் பார்த்திருக்கிறார்! கேட்டுக்கோங்க எல்லாரும்!"

கைதட்டல் அலையலையாக வந்தது. மனைவி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, மணப்பெண் மாதிரி தரையைப் பார்த்தாள். சுவர்கள் விலகி, விளக்குகள் மிதந்து, கூடம் முழுக்க அந்தச் செவ்வாய்க்கிழமை வெளிச்சம் நிறைவதுபோல் இருந்தது அவருக்கு. தலைவர் அவரைக் 'கலைஞரே' என்று கூப்பிட்டதாகக்கூட ஞாபகம்.

பரிசு ஒரு வாத்துப் படத்துக்குக் கிடைத்தது.