பெயர் சொல்லாத நூறு நாள்

லெய்மாஸ் என்று இப்போது எழுத முடிகிறது. அந்த நூறு நாளும் எங்கள் தீவில் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்றிருந்தது. செத்தவர்கள் போகிற வழி நீளமானது. பெயர் காதில் விழுந்தால், யார் கூப்பிட்டது என்று திரும்பிப் பார்ப்பார்கள். அதே பெயர் கொண்ட மற்றவர்களும் அதுவரை வேறொரு பெயரில் காலம் தள்ள வேண்டும்.

இருபத்திரண்டு வயது அவளுக்கு. தலைநகர் விலாவில் கிரிக்கெட் பயிற்சி முடித்து, நீரிணையைத் தாண்டி வீட்டுக்கு வருகிறபோது படகு கவிழ்ந்தது. மூன்று பேர் போனார்கள், இரண்டு பேர் கரையேறினார்கள். ஒருத்தி அவளுடைய அக்கா லெய்வியா, அணியின் கேப்டன், விக்கெட் கீப்பர். மற்றவள் எல்சி, பக்கத்து வீட்டுப் பெண், அவளும் அணியில் ஆடுகிறவள்.

தீவு நாட்டுப் பெண்களின் கோப்பை அந்த வருஷம் எங்கள் விலாவில்தான் நடந்தது. ஃபிஜி, சமோவா, குக் தீவுகள், பப்புவா எல்லாரும் வந்திருந்தார்கள். ஜெயிக்கிறவர்கள் பெரிய நாடுகளோடு ஆடப் போகலாம். அது செத்துப்போனவளுடைய ஆசை. அதனாலேயே லெய்வியா ஒன்பது வாரத்தில் மறுபடி கையுறையை மாட்டினாள்.

காலியான இடத்துக்கு வடக்கிலிருந்து ஒரு பெண்ணை எடுத்தார்கள். நல்ல கால், நல்ல கை. பெயரைக் கேட்டால், அதே பெயர். அவளை அனுப்பி வைத்த தாய், யார் அந்தப் பெயரைச் சொன்னாலும் நூறு நாள் முடிகிறவரை திரும்பிப் பார்க்கவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டாளாம். அணியில் அவளைப் பேர்க்காரி என்று கூப்பிட்டார்கள். நான் அணிக்குச் சமைக்கிறவள். கிழங்கைத் துருவி இலையில் சுட்ட லாப்லாப் பரிமாறும்போது பிள்ளைகள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

"பேர்க்காரி உன் பந்துன்னு கூப்பிட்டு முடிக்குறதுக்குள்ள பந்து விழுந்து முளைச்சிரும்டீ," என்றாள் எல்சி.

பிறகு அதைப் 'பேரு' என்று சுருக்கினார்கள்.

உயரமாகப் பந்து எழும்பி இரண்டு பேர் அதற்கு ஓடினால், மோதிக்கொள்ளாமல் ஒருத்தியின் பெயரைக் கூப்பிட வேண்டியது கீப்பர். அவள் ஒருத்திக்குத்தான் முழுத் திடலும் தெரியும். குக் தீவுகளோடு முதல் ஆட்டத்தில் அப்படி ஒரு பந்து எழும்பியது. கோட்டுப் பக்கமிருந்து பேர்க்காரி ஓடினாள், எதிரிலிருந்து எல்சி. லெய்வியா ஐந்து வருஷப் பழக்கத்தில் கத்தினாள்.

"லெய்மாஸ்."

எல்லைக்கோட்டில் பாய் போட்டு உட்கார்ந்திருந்த பெண்களின் பேச்சு அப்படியே நின்றது. பேர்க்காரி தாய்க்குக் கொடுத்த சத்தியத்தில் காலை ஊன்றி நின்றுவிட்டாள். எல்சியும் நின்றாள். பந்து இருவருக்கும் நடுவில் விழுந்தது.

ஆட்டத்தை ஜெயித்துவிட்டோம். ஆனால் சாப்பிடும்போது பயிற்சியாளர் கல்சாவ், பேர்க்காரி நின்றது சரி, நீ ஏன் நின்றாய் என்று எல்சியைக் கேட்டார். எல்சி சேப்பங்கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள்.

"எனக்குன்னு ஒருத்தி சொன்னாளே. அதான் விட்டேன்."

யாரும் சொல்லவில்லை என்றார்கள் மற்றவர்கள்.

"சொன்னா. மூக்கடைச்ச குரல்."

வருஷம் முழுக்க மூக்கடைப்போடு திரிந்தவள் யார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதன்பிறகு யாரும் ஒரு வாய் சாப்பிடவில்லை. லெய்வியா மட்டும் தட்டைக் காலி செய்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் அவளுடைய அம்மா படகேறி வந்தாள். திட்டவில்லை. பெயரைச் சொன்னதால் நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், அவள் அப்பா துக்கத் தாடியை இன்னும் நூறு நாள் வளர்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள். புறப்படும்போதுதான் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒரு தரம் கூப்பிட்டா திரும்பிப் பாப்பா. ரெண்டாந்தரம் கூப்பிட்டா வந்துருவா. வந்தா போக மாட்டா, போகவும் தெரியாது. உன் தங்கச்சிய நடு வழியில நிறுத்திராதம்மா."

லெய்வியா தலையை ஆட்டினாள். ஆனால் மறுநாள் ஃபிஜியோடு ஆடும்போது அவள் ஆட்களை நிறுத்திய விதத்தைப் பார்த்தேன். மிட்விக்கெட்டில் ஒரு வீடு கட்டுகிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. அங்கே ஆள் போடச் சொல்லிக் கல்சாவ் வெளியிலிருந்து கையை ஆட்டினார். அவள் அங்கே பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்பதுபோல் தலையசைத்தாள். ஃபிஜிப் பெண்களில் ஒருத்திகூட அந்தப் பக்கம் அடிக்கவில்லை. எதற்காக அடிக்கவில்லை என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பேர்க்காரி என்னிடம் வந்து பை கட்டப் போவதாகச் சொன்னாள்.

"அத்தை, அவ இடத்துல நான் நிக்குறேனா, என் இடத்துல அவ நிக்குறாளா?"

ஒரு ஆட்டம்தானே மிச்சம் என்று சொல்லி நிறுத்தினேன். பிறகு லெய்வியாவைப் பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய், என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டேன். குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள்தான் சொன்னாள்.

படகு கவிழ்ந்தபோது ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டாளாம். இன்னொரு கை சும்மா இருந்தது. அலைக்கு இந்தப் பக்கம் எல்சி, அந்தப் பக்கம் தங்கை. எல்சி கிட்டத்தில் இருந்தாள். கிட்டத்தில் இருக்கிறவளைக் கூப்பிடுவதுதான் கீப்பர் வேலை. வாய் தானாக எல்சி என்று கூப்பிட்டது.

"அவ பேர நான் கூப்பிடவே இல்ல அத்தை. கூப்பிட்டிருந்தா நீந்தி வந்திருப்பா. ஒரே ஒரு தரம் சரியாக் கூப்பிடணும்."

உன் அம்மா சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்றேன். குழாயை மூடிவிட்டுப் போனாள்.

சமோவாவோடு கடைசி ஆட்டம். வெயில் சாய்ந்து, கடல் காற்று எழுந்த நேரம். கடைசிப் பந்து, கையில் ஒரே விக்கெட், அவர்களுக்கு வேண்டியது இரண்டு ரன். சமோவாவின் பெரிய உடம்புக்காரி மட்டையை வீசினாள். பந்து நேரே மேலே போய், காற்றில் தடுமாறி, அந்தக் காலி இடத்துக்கு மேலே வந்தது.

பேர்க்காரி ஓடி வந்தாள். எல்சி ஓடி வந்தாள். எல்சிதான் கிட்டத்தில். இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி மேல் ஒருத்தி வந்தார்கள். லெய்வியா பந்தைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே, யாரும் இல்லாத புல்லைப் பார்த்தாள். உதடு பிரிந்தது. 'லெ' என்று நாக்கு மேலே போனதை நான் பார்த்தேன். கடைசி ஆட்டத்துக்கு மறுபடி வந்து பாயில் உட்கார்ந்திருந்த அவள் அம்மாவும் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"எல்சி," என்றாள் லெய்வியா.

பேர்க்காரி விலகினாள். எல்சி முழங்காலில் சரிந்து பந்தை நெஞ்சோடு பிடித்தாள்.

பெண்கள் பாயை உதறிக்கொண்டு திடலுக்குள் ஓடினார்கள். எங்கள் வழக்கப்படி முகத்தில் மாவு அப்பினார்கள், பாடினார்கள், பேர்க்காரியை யாரோ தோளில் தூக்கினார்கள். லெய்வியா குச்சிகளுக்குப் பின்னால் அசையாமல் நின்றாள். நான் தண்ணீர்ப் புட்டியோடு போனேன். வாங்கவில்லை.

"எனக்கான்னு கேட்டா, அத்தை."

யார் என்று நான் கேட்கவில்லை.

"அங்கதான் நின்னா. கையை ஏந்திக்கிட்டு, அக்கா எனக்கான்னு கேட்டா. நான் எல்சியக் கூப்பிட்டேன். மறுபடியும்."

"அவ என்ன சொன்னா?"

"சரிக்கான்னு சொன்னா."

சமோவாப் பெண்கள் கை கொடுக்க வரிசையில் காத்திருந்தார்கள். லெய்வியா கையுறையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர்களிடம் போனாள். ஒவ்வொருத்திக்கும் கை கொடுத்தாள். வரிசை முடிந்த பிறகும் இன்னும் ஓர் ஆள் நிற்பதுபோல் கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றாள்.