வியாழக்கிழமைக் கிளினிக்

மாமி வெள்ளைச் சேலையின் கொசுவத்தைச் செருகிவிடும்போதும் சிவமணி ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் பெட்டிக்கு என்ன பூ, சுடலைக்கு எத்தனை வான், யாழ்ப்பாணத்துக்குச் செய்தி போனதா. தகப்பன் செத்திருக்க இந்தப் பிள்ளை அழாமல் இப்படிக் கதைக்கிறதே என்று மாமி கண்ணாலேயே தாயைக் கேட்டாள். கனகேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு நாளாகச் சிவமணிக்கு நித்திரையில்லை. நோய் இப்படித்தான் தொடங்கும் என்று அவளுக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் முதல் தடவை வந்தபோது, வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் கொழும்புக் காலி வீதியில் போனவர்களுக்குக் கொடுத்தாள். பிறகு இரண்டு மாதம் கட்டிலைவிட்டு எழும்பவில்லை. அதன்பின் நான்கு வருடம், மாதத்தில் ஒரு வியாழன், தகப்பன் தியாகராசா அவளைப் பஸ்ஸில் மனநோய்க் கிளினிக்குக் கூட்டிப்போனார். வெள்ளவத்தை அயலுக்குக் கம்பியூட்டர் வகுப்பு என்றும், சோதனைச்சாவடி ஆமிக்குக் கண் வருத்தம் என்றும் சொல்லிவைத்திருந்தார்கள். அவளுடைய மருந்துக் குளிசைகளை வாங்கி வைப்பதும் அவர்தான். செவ்வாய்க்கிழமை கந்தோரில் வேலை முடிந்து வந்து கதிரையில் இருந்தவர் பிறகு எழும்பவில்லை. அதற்கு முதல்நாளே குளிசை முடிந்திருந்தது.

இன்று வியாழன். தாயைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"அம்மா, நான் கிளினிக் போகவேணும்."

"இண்டைக்கோ? மூண்டு மணிக்கு அப்பாவை எடுக்கினம். சனம் என்ன கதைக்கும்? நாளைக்குப் போவம்."

"நாளைக்கு வருத்தம் முத்தினா, எனக்கு ஒண்டுமில்லையெண்டு நானே சொல்லுவன் அம்மா. இப்பதான் போகேலும்."

கனகேஸ்வரி கழுவாத கோப்பைகளை ஒதுக்கி வைத்தாள். பிறகு கீழ்வீட்டு நஸீறாவைக் கூப்பிட்டு, மகளுடைய வருத்தத்தையும் போகவேண்டிய இடத்தையும் மாமிக்குக் கேட்கவே சொன்னாள். நஸீறா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கூடப் புறப்பட்டாள்.

சோதனைச்சாவடியில் எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். சிவமணி சிங்களத்தில் உள்ளதைச் சொன்னாள். ஆமிக்காரன் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். கிளினிக்கில் தாதி அவளுக்குப் பின்னால் எட்டிப்பார்த்து, அப்பா வரவில்லையா என்றாள். இல்லை என்றாள் சிவமணி. டொக்டரிடம் நித்திரையில்லாததை முதலில் சொன்னாள், சாவைப் பிறகு.

அப்பாவின் பெட்டி வைத்திருந்த மலர்ச்சாலைக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது தேவாரம் தொடங்கியிருந்தது. கனகேஸ்வரி பெண்களுக்கு நடுவிலிருந்து எழும்பி வந்தாள்.

"இரத்தம் எடுத்தவையோ?"

"ஓம்."

"குளிசை?"

சிவமணி பையைத் திறந்து காட்டினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கனகேஸ்வரி ஒரு கோப்பையில் தண்ணீர் வார்த்து நீட்டி, மகள் விழுங்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.