சம்பந்தியம்மாவும் சிவப்பு டிராகனும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது திருட்டுக் கதை. இட்வல் பிராஸரின் ரொட்டிக் கடை வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றபோது காதில் விழுந்தது. விழுந்ததை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கௌரவமாகத் தொடங்கலாமே என்று முதலில் இப்படி எழுதினேன்:

‘வெகுகாலத்துக்கு முன் எங்கள் வட வேல்ஸ் மலையில் ஓர் அரசன் கோட்டை கட்டினான். பகலில் எழுந்த சுவர் இரவில் விழுந்தது. தோண்டினால், கீழே ஒரு குளம். குளத்துக்குள் இரண்டு டிராகன்கள். விழித்ததும் சண்டை. சிவப்பு எங்களுடையது, வெள்ளை, பின்னாளில் ஆங்கிலேயர் ஆன சாக்சன்களுடையது. முதலில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட சிவப்பு, கடைசியில் வெள்ளையைத் துரத்தி…’

போதும். இந்த ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் மீதி தெரியும். (‘பறவைநாகம்’ என்றும் எழுதிப் பார்த்தேன். இட்வல் பிஸ்கட்டில் அச்சுக் குத்தி விற்கிற பிராணிக்கு அவ்வளவு பெரிய பெயர் ஒட்டவில்லை. டிராகனாகவே இருக்கட்டும்.)

2

இட்வலுக்கு அறுபத்தொரு வயது. மனைவி போய்ப் பல வருடம். ஒரே மகள் நெரிஸ், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். அவள் கட்டிக்கொள்ளப் போகிற ஜெரமி எல்லைக்கு அந்தப் பக்கம், ஷ்ரூஸ்பரிக்காரன். ஆங்கிலேயன். இட்வல் அதைக்கூட விழுங்கிவிட்டார்.

“அப்பா, கேக் வெள்ளையா இருக்கணும். பூ வேணா வை. டிராகன் கூடாது.”

“ஒரு குட்டி?”

“குட்டியும் கூடாது.”

கேக்கை ருசி பார்க்க ஜெரமியின் அம்மா ஹில்லரி வந்தார். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. ஒரு வாய் வைத்தார்; கண்ணை மூடி ரசித்தார். கண்ணைத் திறந்தபோது எதிர்ச்சுவரில் சிவப்பு டிராகன் போட்ட வேல்ஸ் கொடி.

“அழகா இருக்கு. ரோமாக்காரங்க கொண்டுவந்ததுதானே?”

“எது?”

“டிராகன். அவங்க படையில துணியால பாம்பு மாதிரி செஞ்சு கம்பத்துல கட்டுவாங்க. காத்தடிச்சா உப்பிக்கிட்டு சீறும். அதைப் பார்த்துத்தான் உங்க ஆளுங்க எடுத்துக்கிட்டிருக்கணும்னு ஒரு கருத்து உண்டு.”

(‘ஒரு கருத்து’ என்றுதான் சொன்னார். நான் சாட்சி. இட்வலின் காதில் அந்த இரண்டு சொல் மட்டும் ஏறவில்லை.)

“அப்போ எங்க கொடி திருட்டுக் கொடிங்கறீங்க?”

“திருட்டுன்னு யார் சொன்னா? இரவல்னு வெச்சுக்கலாம்.”

இட்வல் தட்டைப் பிடுங்கினார். ஹில்லரியின் முட்கரண்டி வெறும் மேசையில் குத்திக்கொண்டு நின்றது.

“சம்பந்தியம்மா, கேக்கை உங்க ஊர்லயே வாங்கிக்குங்க!”

வரிசையில் நின்ற மூவரும் ரொட்டிகளை மிகுந்த அக்கறையோடு பார்க்கத் தொடங்கினோம்.

சாயங்காலம் நெரிஸ் சீருடையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். “மன்னிப்புக் கேளு. இல்லன்னா கல்யாணம் ஷ்ரூஸ்பரில. நீ இல்லாம.”

3

இங்கே எனக்கே இட்வல் மீது சந்தேகம் வந்துவிட்டது. ஒரு துணிப் பாம்புக்காகப் பெற்ற மகளை விடுவாரா? முதல் வரைவில் அவரை அழவைத்தேன். மறுநாள் கடையில் அவர் மாவை அடித்துப் பிசைந்ததைப் பார்த்துவிட்டு வந்து அந்தப் பத்தியைக் கிழித்தேன். நேரிலேயே கேட்டும் விட்டேன்.

“இங்கிலீஷை விட்டுட்டு எங்க வெல்ஷ் மொழியில பேசினான்னு எங்க கொள்ளுத்தாத்தாவைப் பள்ளிக்கூடத்துல அடிச்சாங்க,” என்றார் மாவைப் பார்த்தபடியே. “பயந்துபோய் அவர் பிள்ளைங்களுக்குச் சொல்லித்தரவே இல்ல. நான் முப்பது வயசுக்கு மேல ராத்திரிப் பள்ளிக்கூடம் போய்க் கத்துக்கிட்டேன். அதுவரைக்கும் எங்க வீட்டுல வெல்ஷ்னு மிச்சமிருந்தது சுவத்துல இருந்த இந்தச் சிவப்புப் பல்லி ஒண்ணுதான். அதையும் ரோமாக்காரனுக்குத் தூக்கிக் குடுக்கச் சொல்றியா?”

சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

4

ஒரு வாரம் கழித்து இட்வல் ஹில்லரிக்குப் போன் செய்தார். “தட்டைப் பிடுங்கினது தப்பு.” அவ்வளவுதான். கொடியைப் பற்றி மூச்சு விடவில்லை.

“நானும் தின்னு முடிச்சிட்டுப் பேசியிருக்கலாம்,” என்றார் ஹில்லரி.

கல்யாணம் எங்கள் ஊர் மண்டபத்துக்கே திரும்பியது. கேக்கும் சொன்னபடியே மூன்று அடுக்கு, தூய வெள்ளை. மேலே மட்டும் ஒரு மூடி. மூடிக்குள், சர்க்கரையில் செய்த இரண்டு டிராகன்கள். வெள்ளையின் கழுத்தில் கால் வைத்து நின்றது சிவப்பு. வெட்டப்போகும் நொடியில் திறந்து காட்டுவதாகத் திட்டம்.

[நான் தடுத்திருக்கலாம். தடுத்திருந்தால் கதை ஏது?]

வெளியே மழை. சமையலறையில் ஆறு கெட்டில்கள் கொதித்து ஒரே ஆவி. மூடியைத் தூக்கிப் பார்த்த இட்வல் அப்படியே நின்றுவிட்டார். ஈரத்தில் சிவப்புச் சாயம் ஒழுகி, வெள்ளை டிராகனும் தலையிலிருந்து வால்வரை சிவந்து கிடந்தது.

அந்நேரம் பார்த்துத் தேநீர் தேடி ஹில்லரி உள்ளே வந்தார். குனிந்து பார்த்தார்.

“இதுல எது நாங்க?”

(மேலே நிற்பதுதான் என்று இட்வல் பொய் சொல்வதாக ஒரு வரைவு வைத்திருக்கிறேன். அது நன்றாகவே இருக்கிறது. ஆனால் நடந்தது இது.)

“கீழ கிடக்கிறது,” என்றார் இட்வல்.

“கழுத்துல காலு வேற.”

“ஆமா.”

ஹில்லரி சட்டைக் கையைச் சுருட்டினார். “பொண்ணு பார்த்தா உங்களைக் கொன்னுடுவா. அந்தப் பக்கம் பிடிங்க.”

இருவருமாகக் கீழே கிடந்ததை நெம்பி நிமிர்த்தினார்கள். நிமிர்ந்த வேகத்தில் மேலே நின்றதன் கால் ‘டக்’கென்று ஒடிந்து விழுந்தது. ஹில்லரி அதை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார்.

“இனி சாட்சி இல்ல.”

இட்வல் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், மேசையைப் பிடித்துக்கொண்டார்.

கதவு திறந்தது. கத்தியும் கையுமாக நெரிஸ். அவள் எதிரே இரண்டு சிவப்பு டிராகன்கள், ஒன்று நொண்டி. அப்பாவின் விரல்களில் சிவப்பு, மாமியாரின் உதட்டில் சிவப்பு.

“டிராகன் கூடாதுன்னு சொன்னேன்ல? சரி, தொலையட்டும். எது நம்மளது?”

5

இட்வல் சொன்ன பதில் எனக்குத் தெரியும். கெட்டில்களுக்குப் பின்னால்தான் நின்றேன். அன்றிலிருந்து இருவரும் தனித்தனியே போன் செய்து ஆளுக்கொரு முடிவை எழுதச் சொல்கிறார்கள். ‘நான் என்ன சொன்னேன்னா’ என்று இட்வல். ‘அவர் உண்மையில சொன்னது’ என்று ஹில்லரி. அவர் கடையிலும் இவர் வீட்டிலும் எனக்கு இன்னும் சாப்பிட வேண்டியிருக்கிறது. அதனால் நீங்களே எழுதிவிடுங்கள். எதை எழுதினாலும் அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. தமிழ் படிக்கத் தெரியாது.

நெரிஸ் காத்திருக்கிறாள். இட்வல் சம்பந்தியம்மாவை ஒருமுறை பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்து,

சீக்கிரம் சொல்லுங்கள். சர்க்கரை கரைகிறது.